தையல் கூடத்துக்குச் சரி, மாமியார் அறைக்கு வேண்டாம்

கேள்வி: குளச்சல் பக்கத்தில் எங்களுக்கு 7 சென்ட் இடம். முன்பக்கம் பழைய ஓட்டு வீடு, பின்பக்கம் காலி. கடல் 400 மீட்டர் தூரத்தில். வீட்டுத் திண்ணையில் 4 மெஷின் போட்டு நைட்டியும் பள்ளி யூனிஃபார்மும் தைத்துக் கொடுக்கிறேன். 3 பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். என் வீட்டுக்காரர் 11 வருஷம் கத்தாரில் போர்ட்டா கேபினில் இருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டார். பழைய 40 அடி கன்டெய்னர் ஒன்று வாங்கி, பாதியைத் தையலுக்கும் பாதியை 74 வயதான மாமியாருக்கு அறையாகவும் ஆக்கலாம் என்கிறார். மாமியாரின் அறை இப்போது மழையில் ஒழுகுகிறது. "கப்பலில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்குகிற பெட்டி. அதுக்கு என்ன ஆகப்போகுது?" என்று கேட்கிறார். விழிஞ்ஞம் துறைமுகம் பக்கத்தில் வந்துவிட்டதால் மலிவாகக் கிடைக்கும் என்றும் சொல்கிறார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. செய்யலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

தையல் கூடத்துக்குக் கன்டெய்னர் வைக்கலாம். ஆனால் 40 அடி வேண்டாம், 20 அடி போதும். மாமியாரை அதில் குடிவைக்க வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், உங்கள் வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. பெட்டியின் கதவில் ஒரு உலோகத் தகடு அறைந்திருக்கும். சி.எஸ்.சி. தகடு என்பார்கள். 1972-இல் உருவான கன்டெய்னர் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி வைப்பது. அதில் அடுக்கும் எடை என்று ஒரு வரி உண்டு. பல பெட்டிகளில் அது 1,92,000 கிலோ. அதாவது 192 டன்னை அந்தப் பெட்டி தலையில் தாங்கும். ஆனால் எங்கே தாங்கும் என்பதுதான் விஷயம். நான்கு மூலைத் தூண்களில் மட்டும். கப்பலில் மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் மூலையில்தான் உட்காரும். அதே பெட்டியின் நடுக்கூரைக்கு வைக்கும் சோதனை என்ன தெரியுமா? 60 செ.மீ.க்கு 30 செ.மீ. இடத்தில் 300 கிலோ. ஏறி நின்று வேலை பார்க்கும் ஆட்களைத் தாங்கினால் போதும் என்ற கணக்கு அது. நம் ஊரில் மேலே தட்டையாக எதைப் பார்த்தாலும் முதலில் தண்ணீர்த் தொட்டி ஏற்றத் தோன்றும். 500 லிட்டர் தொட்டி நிரம்பினால் அரை டன். அதைப் பெட்டிக் கூரையில் வைக்கவே கூடாது. தனியாக ஸ்டாண்டு போடுங்கள்.

பக்கச் சுவரும் அப்படித்தான். தகடு ஏறக்குறைய 1.6 மி.மீ. கனம்தான். நெளிநெளியாக மடித்திருப்பதால்தான் அதற்கு விறைப்பு. அந்த நெளிவை வெட்டினால் மேல்சட்டத்துக்கும் கீழ்ச்சட்டத்துக்கும் இருந்த பிடிப்பு போய்விடும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் முட்டம் பக்கம் ஒரு கடைக்காக 20 அடிப் பெட்டியின் பக்கத்தில் 12 அடி அகலத்துக்குத் திறப்பு வெட்டினேன். கண்ணாடி வந்து தாங்கிக்கொள்ளும் என்று சுற்றிச் சட்டம் போடவில்லை. மூன்றாம் நாள் கண்ணாடிக்காரர் வந்து அளந்தபோது திறப்பின் நடு உயரம் ஓரத்தைவிட முக்கால் அங்குலம் குறைவு. மேல்சட்டம் தொங்கியிருந்தது. மறுமுனையில் இருந்த பெரிய கதவும் சரியாக மூடவில்லை, கம்பி கொக்கியில் விழாமல் நின்றது. ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சட்டம் வைத்து, என் செலவில் சரிசெய்து கொடுத்தேன். அன்றிலிருந்து என் பட்டறையில் ஒரே வரிசைதான்: திறப்பைச் சுற்றி 3 மி.மீ. கனமுள்ள ஸ்கொயர் டியூபை முதலில் பற்றவைப்போம், அப்புறம்தான் தகட்டை வெட்டுவோம். உங்கள் பட்டறைக்காரர் "பிறகு வைத்துக்கலாம்" என்றால் விடாதீர்கள்.

போர்ட்டா கேபின் வேறு, கன்டெய்னர் வேறு. இதையும் உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும். கத்தாரில் அவர் தங்கியது பெரும்பாலும் நடுவில் ஃபோம் வைத்த சாண்ட்விச் பேனலால் ஆனதாக இருக்கும். மனிதர்கள் இருப்பதற்காகவே செய்தது, இரவும் பகலும் ஏ.சி. ஓடியது. கன்டெய்னர் சரக்குக்காகச் செய்தது. அதில் காற்றும் வராது, வெப்பமும் நிற்காமல் உள்ளே இறங்கும். ஒரு முக்கியமான வித்தியாசம் இன்னும் உண்டு: அந்தப் பெரிய இரட்டைக் கதவை வெளியிலிருந்துதான் பூட்டவும் திறக்கவும் முடியும். உள்ளே இருப்பவரால் முடியாது. துணி நிறைந்த கூடத்தில் மூன்று நான்கு பெண்கள் உட்காரப்போகிறார்கள். உள்ளிருந்து திறக்கிற மாதிரி நீளப் பக்கத்தில் தனிக்கதவு ஒன்று கட்டாயம் வேண்டும். வேலை நேரத்தில் பெரிய கதவும் திறந்து கொக்கி மாட்டியிருக்க வேண்டும். செலவைக் குறைக்க எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

இனி நம் கடற்கரை. கன்டெய்னர் செய்யும் இரும்பு கார்ட்டன் ஸ்டீல் வகையைச் சேர்ந்தது. 1930-களில் அமெரிக்காவில் வந்த இரும்பு. மேலே ஒரு துரு படிந்து, அந்தத் துருவே கவசமாகி, உள்ளே துரு இறங்காமல் தடுக்கும். இதை வைத்துத்தான் "துருப்பிடிக்காத இரும்பு" என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். ஆனால் அந்தக் கவசம் இறுக நனைவதும் காய்வதும் மாறிமாறி நடக்க வேண்டும், உப்பும் இருக்கக் கூடாது. கடலிலிருந்து 400 மீட்டரில், ஆனி ஆடியில் உப்புச் சாரல் அடித்துக்கொண்டே இருக்கிற இடத்தில் அது இறுகாது, பொருபொருவென்று உதிரும். ஜூனிலிருந்து தென்மேற்கு, அக்டோபரிலிருந்து வடகிழக்கு என்று நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆகவே உங்களைக் காப்பாற்றப்போவது பெயின்ட்தான். துருவை மணல் பாய்ச்சியோ கிரைண்டரிலோ வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுத்து, எபாக்சி பிரைமர் இரண்டு கை, அதன்மேல் பாலியூரித்தேன் பெயின்ட். வெட்டிய விளிம்பிலும் பற்றவைத்த இடத்திலும்தான் துரு முதலில் தொடங்கும். அங்கே கூடுதலாக ஒரு கை. வருஷத்துக்கு ஒருமுறை, ஆவணி வாக்கில் சாரல் ஓய்ந்ததும், நல்ல தண்ணீரால் கழுவி, கொப்புளம் கண்ட இடத்தைச் சுரண்டித் தொட்டுவிட வேண்டும். இதைச் செய்ய மனம் இல்லாதவர்கள் கடற்கரையில் கன்டெய்னர் வாங்காமல் இருப்பது நல்லது.

வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். விழிஞ்ஞத்தில் முக்கியமாக நடப்பது கப்பலிலிருந்து கப்பலுக்குப் பெட்டி மாற்றும் வேலை. துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் பழைய பெட்டி மலிந்துவிடாது. நமக்கு இப்போதைக்குத் தூத்துக்குடிதான். நேரில் போங்கள். பெட்டிக்குள் நீங்கள் நின்றுகொண்டு கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் வெளியே கதவருகிலேயே நிற்கட்டும். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிஷம் ஆகும். அப்புறம் கூரையையும் கதவு ரப்பரையும் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் மழை வரும் இடம். அப்படியே மூக்கால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மருந்து வாடையோ எண்ணெய் வாடையோ இருந்தால் அடுத்த பெட்டிக்குப் போய்விடுங்கள். வெளியே வந்து குனிந்து அடிப்பக்கத்துக் குறுக்குச் சட்டங்களை ஸ்குரூ டிரைவரால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டாலோ முனை உள்ளே இறங்கினாலோ அது உளுத்தது. மேலே எவ்வளவு புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் அடிப்பக்கம் பொய் சொல்லாது.

உள்ளே என்ன சரக்கு வந்தது என்பது சின்ன விஷயமில்லை. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் ஒரு கப்பல் கவிழ்ந்து, பிளாஸ்டிக் குருணைகள் கரையெங்கும் ஒதுங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கப்பலில் இருந்த 643 பெட்டிகளில் 13-இல் ஆபத்தான சரக்கு என்று அப்போது அறிவித்தார்கள். எல்லாப் பெட்டியும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். தரையில் போட்டிருக்கும் 28 மி.மீ. பிளைவுட்டும் பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றியது. என்ன மருந்து என்று கதவில் அறைந்த அதே தகட்டில் மரம் பற்றிய வரியில் இருக்கும். வேலைக்கு வரும் பெண்கள் கைக்குழந்தையைக் கூட்டி வருவார்கள், அது தரையில்தான் தவழும். அந்தப் பலகையை எபாக்சி பூசி அடைத்து, மேலே சிமென்ட் போர்டும் வினைல் விரிப்பும் போட்டுவிடுங்கள்.

சரி, 20 அடிப் பெட்டிக்குள் உங்கள் கூடம் அடங்குமா? உள் அகலம் 2.35 மீட்டர், அதாவது 7 அடி 8 அங்குலம். நீளம் 5.9 மீட்டர், 19 அடிக்கு மேல். இரண்டு பக்கமும் வெப்பத் தடுப்பும் போர்டும் வைத்தால் அகலம் 7 அடி 3 அங்குலம் ஆகிவிடும். உங்கள் மெஷின் மேசை நீளம் 4 அடி, அகலம் 20 அங்குலம் இருக்கும். நான்கையும் ஒரே சுவரோரம் வரிசையாகப் போட்டால் 16 அடி, தாராளமாக அடங்கும். உட்காருபவருக்கு 2 அடி விட்டால் பின்னால் மூன்றரை அடி நடைவழி. இதுவரை நல்லது. ஆனால் வெட்டும் மேசை? அது 4 அடி அகலம். உள்ளே போட்டால் ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் போக முடியும். எதிர்ச்சுவரோரம் இன்னொரு வரிசை மெஷின் போட்டாலும் முதுகும் முதுகும் முட்டும். 40 அடிப் பெட்டி வாங்கினாலும் இந்த அகலம் மாறாது, நீளம்தான் கூடும். அதனால்தான் 20 அடி போதும் என்றேன்.

வெட்டும் மேசையை வெளியே கொண்டுவருவதுதான் வழி. பெட்டிக்கு மேலே எப்படியும் இரண்டாவது கூரை போடத்தான் வேண்டும். அதைக் கிழக்குப் பக்கம் 10 அடி நீட்டித் தூண் கொடுத்துவிட்டால் காற்றோட்டமான ஒரு திண்ணை கிடைக்கும். வெட்டுவது, இஸ்திரி போடுவது எல்லாம் அங்கே. நீராவி இஸ்திரியைப் பெட்டிக்குள் வைத்தால் ஈரம் தங்கித் துணியில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதும் ஒரு காரணம். இன்றைக்கு நீங்கள் திண்ணையில் வேலை செய்கிறீர்கள். அந்தத் திண்ணையை விட்டுவிட்டு இரும்புக்குள் அடைபட வேண்டாம். உள்ளே மெஷினும் துணிக்கட்டும் பூட்டுக்குள் பத்திரமாக இருக்கட்டும்.

இரண்டாவது கூரை அலங்காரத்துக்கு இல்லை. வெயில் நேராகப் பெட்டித் தகட்டில் விழாமல் இருக்க அதுதான் குடை. தகட்டுக்கும் மேல்கூரைக்கும் நடுவில் ஒன்றரை அடி இடைவெளி விட்டு, காற்று புகுந்து போக இரு முனையும் திறந்திருக்க வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருப்பீர்கள். உச்சி வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருப்பதற்கு, தாழ இறங்கிய அந்த ஓட்டு இறவாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதே புத்திதான் இங்கேயும்: நாலு பக்கமும் 3 அடி இறவாரம். கூரையின் கால்களைப் பெட்டியின் ஓரச் சட்டத்தில் பற்றவைக்க வேண்டும், நடுத்தகட்டில் வைக்கக் கூடாது. கடல் பக்கம் ஜன்னல் வேண்டாம். அந்த நீளச் சுவரை முழுச் சுவராகவே விட்டு, மெஷின் வரிசையைக் கிழக்கே போட்டு, ஜன்னல்களைக் கிழக்கிலும் வடக்கிலும் வையுங்கள். காலை வெளிச்சம் ஊசியில் விழும்.

உள்ளே வெப்பத் தடுப்புக்கு ராக்வுல் என்ற கல்பஞ்சு, தெளிக்கிற பி.யூ. ஃபோம் என்று இரண்டு வழி சொல்வார்கள். ராக்வுல் தீப்பிடிக்காது, அது நல்ல குணம். ஆனால் பின்னால் காற்று புகுந்தால் விடியற்காலையில் தகட்டில் நீர் கோத்து, பஞ்சு நனைந்து, நமக்குத் தெரியாமலே பின்பக்கம் துருவேறும். கடற்கரைக்கு நான் 50 மி.மீ. ஃபோமைத்தான் தேர்ந்தெடுப்பேன், அது தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அது எரியும், எரிந்தால் நச்சுப்புகை. ஆகவே ஓரிடம்கூடத் தெரியாமல் சிமென்ட் போர்டால் மூட வேண்டும், ஃபோம் அடித்த பிறகு ஒரு சொட்டு வெல்டிங்கும் கூடாது. ஃபேன் கொக்கி, அலமாரிக் கம்பி எல்லாவற்றையும் முன்பே பற்றவைத்துவிடுங்கள்.

கரன்ட் விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. நீங்கள் உட்காரப்போவது ஒரு இரும்புப் பெட்டிக்குள். ஒரு வயர் உரசினாலும் சுவர் முழுக்க ஷாக். பெட்டியின் உடம்பை இரண்டு இடத்தில் எர்த் பண்ணி, கரன்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் ஆர்.சி.சி.பி. சுவிட்சை, 30 மில்லி ஆம்பியரில் விழுகிறதாக வைத்து, வயரிங் முழுவதும் பி.வி.சி. குழாய்க்குள் போக வேண்டும். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை நீங்களே அழுத்திப் பாருங்கள்.

அஸ்திவாரம் சின்னதுதான்: நான்கு மூலைக்கும் கான்கிரீட் பீடம், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். மண் மணலாக இருந்தால் ஆழம் கூடும், தோண்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பீடத்தில் போல்ட்டோடு தகடு பதித்து, பெட்டியின் மூலையை அதில் பற்றவைக்க வேண்டும். "இரண்டேகால் டன் பெட்டி, எங்கே பறக்கும்?" என்று ஹாலோபிளாக் மேல் சும்மா வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி வந்தபோது ரப்பர் தோட்டங்கள் சாய்ந்து கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். பெட்டி நகராவிட்டாலும் அகலமான இறவாரம் காற்றைப் பிடிக்கும். கூரையும் பெட்டியும் பீடமும் ஒன்றோடொன்று பிணைந்திருக்க வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு காரியம். ஒன்று, அனுமதி. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் பல இடங்கள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் வரும், உங்கள் இடம் 400 மீட்டர். உங்கள் சர்வே எண்ணோடு உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். "நகர்த்துகிற பெட்டிதானே, பெர்மிஷன் எதுக்கு" என்பது விற்பவரின் பேச்சு. பீடம் கட்டி கரன்ட் இழுத்த பிறகு அது கட்டடம்தான் என்று நினைத்து நடப்பதே பாதுகாப்பு. இரண்டாவது, வழி. லாரி முடுக்குக்குள் திரும்புமா, பெட்டியைத் தூக்கும்போது மேலே ஈ.பி. கம்பி இருக்கிறதா, பெட்டியைத் தூக்கும் ஹைட்ரா கிரேன் நிற்கிற இடத்திலிருந்து உங்கள் பின்பக்கம் எத்தனை அடி எட்ட வேண்டும்? எடை பெரிதில்லை, எட்டம்தான் கஷ்டம். முன்னால் வீடு இருப்பதால் இது உங்களுக்கு உண்மையான கேள்வி. பெட்டி உள்ளே வராது என்றால் மனம் தளர வேண்டாம். அதே அளவில் செங்கலும் ஷீட்டுமாக ஒரு கூடம் கட்டினால் அதுவும் நன்றாகவே உழைக்கும், செலவும் பெரிதாகக் கூடாது. பெட்டிக்குக் கொடுக்கிற விலையைவிட மேலே சொன்ன வேலைகளுக்குத்தான் அதிகம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கடன் தேவைப்பட்டால் நாகர்கோவிலில் மாவட்டத் தொழில் மையத்தில் பி.எம்.ஈ.ஜி.பி. என்ற மத்திய அரசின் தொழில் கடன் திட்டத்தைக் கேளுங்கள். கிராமப்புறத்தில் பெண்கள் தொடங்கும் புதுத் தொழிலுக்கு 35 சதவீதம் மானியம். உங்கள் தொழில் ஏற்கெனவே நடப்பதால் எப்படி விண்ணப்பிப்பது என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக மாமியார். 74 வயதில் ஒருவர் பகலிலும் அறையில்தான் இருப்பார். ஒன்றரை அடி பீடம் ஏறி இறங்க வேண்டும், இரவில் கழிப்பறைக்கு முற்றம் கடந்து வர வேண்டும், ராத்திரி கரன்ட் போனால் ஃபேன் நின்றுவிடும், பக்கத்திலேயே நாலு மெஷின் சத்தம். அவருடைய அறை ஒழுகுகிறது என்றுதானே இந்த யோசனையே வந்தது? ஒழுக்கைச் சரிசெய்யுங்கள். ஓட்டை இறக்கி, உளுத்த கைமரத்தையும் ரீப்பரையும் மாற்றி, உடைந்த ஓட்டுக்கு வேறு ஓடு போட்டு, உள்பக்கம் சீலிங் அடித்தால் போதும். இரண்டு ஆசாரிகள் இருந்தால் ஒரு அறைக்கு ஒரு வாரத்துக்குள் முடியும். 40 அடியை 20 அடியாகக் குறைத்ததில் மிஞ்சுகிற பணம் இதற்கு உதவும். இந்த வேலையை முதலில் தொடங்குங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால். பெட்டி பிறகு வந்தால் போதும்.

உங்கள் வீட்டுக்காரரிடம் இரண்டு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: வாங்க நினைக்கும் பெட்டியின் கதவிலுள்ள சி.எஸ்.சி. தகடு எழுத்து தெரிகிற மாதிரி ஒன்று, ரோட்டிலிருந்து உங்கள் முடுக்கு திரும்புகிற மூலை ஒன்று. மூலையின் அகலத்தை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு லாரி வருமா வராதா என்று சொல்கிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.